காசிமேட்டில் எண்ணெய் வண்ணம்: படகு முறுக்கிக்கொள்கிறது, வீட்டுக்கு வந்தால் படம் இருட்டாகிறது

கரிக்கோல்:
வணக்கம். ஞாயிறு காலை 7 மணியிலிருந்து 12 வரை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஃபைபர் படகு வரைகிறேன். 12×16 அங்குல எம்.டி.எஃப். (மரநார் அழுத்திய) பலகை, அக்ரிலிக் ஜெஸ்ஸோ (வெள்ளை அடிப்பூச்சு) ஒரே பூச்சு. மூன்று தொல்லை.
1. முடிக்கும்போது படகு முறுக்கிக்கொண்ட மாதிரி இருக்கிறது. அணியம் (முன்முனை) ஒரு பக்கம், பின்புறம் இன்னொரு பக்கம்.
2. அங்கே பளிச்சென்று தெரியும் படம், வீட்டுச் சுவரில் மாட்டினால் ஒரே இருட்டு.
3. தண்ணீரில் நிழலுருவம் (பிரதிபலிப்பு) ஒட்டவைத்த ஸ்டிக்கர் மாதிரி நிற்கிறது.
எங்கே தப்பு?

பழைய தூரிகை:
தம்பி, முதல் தொல்லைக்கு உங்கள் கையைக் குறை சொல்ல வேண்டாம். ஒற்றைக் கயிற்றிலோ நங்கூரத்திலோ நிற்கும் படகு காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கும். கோடையில் விடிகாலைக் காற்று கரைப்பக்கமிருந்து வரும். நண்பகலை ஒட்டிக் கடல்காற்று தென்கிழக்கிலிருந்து ஏறும்போது படகு ஏறக்குறைய முழுசாகத் திரும்பிவிடும். 7 மணிக்குப் போட்ட அணியத்துக்கு 11:30 மணிப் பின்புறத்தைச் சேர்த்தால் முறுக்காமல் என்ன செய்யும்?

ஒரு பலகைக்கு இரண்டு மணி நேரம் போதும். அளவையும் 9×12 ஆக்குங்கள். முதல் 15 நிமிடத்தில் உடல் கோடு, நிழல் விழும் பக்கம், நீர்மட்டக் கோடு மூன்றையும் போட்டு முடித்துவிடுங்கள். பிறகு படகு திரும்பினாலும் நீங்கள் திரும்பக் கூடாது. அசையாத படகு வேண்டுமென்றால் மீன்பிடித் தடைக்காலம் (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை) நல்ல வாய்ப்பு. விசைப்படகுகள் ஒன்றோடொன்று கட்டி வரிசையாக நிற்கும்.

கோட்டுக்கு ஒரு வழி: முதலில் படகு அடங்கும் ஒரு பெட்டியைப் போடுங்கள். அடித்தளத்தில் மூலைவிட்டம் இழுத்து நடுப்புள்ளி கண்டு, நீளவாக்கில் நடுக்கோடு போடுங்கள். அணியத்தின் முனை அந்த நடுக்கோட்டுக்கு நேர்மேலே நிற்க வேண்டும். பலரும் அதைக் கிட்டப்பக்க விளிம்பில் வைத்துவிடுவார்கள்; படகு வாழைப்பழம் மாதிரி வளைவது அங்கேதான். மேல்விளிம்பு நடுவுக்குச் சற்றுப் பின்னால் தாழ்ந்து, அணியத்தில் எழும்பட்டும்.

நீலமணி:
இரண்டாவதற்கு நான். பலகை மேல் நேர் வெயில் விழுகிறதா? விழுந்தால் கண் கூசும், தன்னையறியாமல் எல்லாவற்றையும் ஒரு படி இருட்டாகக் கலப்பீர்கள். பலகையும் வண்ணத்தட்டும் இரண்டுமே நிழலில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் நிழலில் இருந்தால் அதுவும் ஏமாற்றும். குடை கறுப்போ சாம்பலோ இருக்கட்டும். சிவப்புக் குடை பலகை முழுக்கச் சிவப்பைக் கொட்டும். குடையை ஈசலில் (பலகையைத் தாங்கும் சட்டத்தில்) மாட்டாதீர்கள், கடல்காற்று இரண்டையும் சேர்த்துக் கவிழ்க்கும். ஈசலின் நடுவில் கல் போட்ட பை ஒன்று தொங்கட்டும்.

ஒரே பூச்சு ஜெஸ்ஸோவும் காரணம்தான். பலகை எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், கரும்பழுப்பும் நீலமும் மங்கித் திட்டுத் திட்டாகும். மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பின் 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்ப்பு. மங்கிய பழைய படங்கள் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு, லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயும் டர்பன்டைனும் சம அளவில் கலந்து மெல்லத் தடவி, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள்.

பழைய தூரிகை:
மூன்றாவது. நிழலுருவம் படகின் நகல் இல்லை. வெளிச்சமான பகுதி தண்ணீரில் ஒரு படி இருளும், இருண்ட பகுதி ஒரு படி வெளுக்கும். மேலே இருக்கும் அதே வெள்ளையைக் கீழேயும் போட்டால் ஸ்டிக்கர்தான். பாய்மரமோ கம்பமோ உங்களை நோக்கிச் சாய்ந்தால் நிழலுருவம் நீளும், அப்பால் சாய்ந்தால் குறுகும். கோணம் எதுவானாலும் ஒவ்வொரு புள்ளியும் தன் நேர்கீழேதான் விழும், சூரியன் பக்கம் சாயாது. மேலிருந்து கீழாகத் தீட்டிவிட்டு, காய்ந்த தட்டைத் தூரிகையால் கிடையாக நாலே நாலு இழுப்பு. ஐந்தாவது இழுப்பில் சேறாகும்.

கரிக்கோல்:
நன்றி அண்ணா, நன்றி நீலமணி. வெயில் பலகை மேல்தான் விழுந்தது. இன்னொன்று: அந்தப் பச்சைநீலப் படகின் நிழல்பக்கத்துக்குக் கறுப்பு கலந்தால் செத்துப்போகிறது.

நீலமணி:
கறுப்பை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். தாலோ நீலம், தாலோ பச்சை, வெள்ளை கலந்த அதே நிறத்தில் பர்ன்ட் சியென்னா (செம்பழுப்பு) துளி, அலிசரின் (கருஞ்சிவப்பு) அதைவிடத் துளி. நீர்மட்டத்தை ஒட்டிய ஒரு சாண் மட்டும் சற்று வெளுப்பாக, தண்ணீர் திருப்பி எறியும் ஒளிக்காக. தாலோவுக்குத் தனித் தூரிகை வையுங்கள்; அது பட்ட தூரிகையால் வானத்தைத் தொட்டால் வானமும் பச்சையாகிவிடும்.

பழைய தூரிகை:
முதல் அடுக்குக்கு டர்பன்டைன் மட்டும், எண்ணெய் மேலடுக்கில். மண்ணெண்ணெய் ஊற்றிக் கரைக்கச் சொன்னால் கேட்காதீர்கள், பிசுபிசுப்பு போகாது. துடைத்த துணியைக் கசக்கிப் பையில் திணிக்காதீர்கள். லின்சீட் எண்ணெய் தோய்ந்த துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். மூடி உள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் போடுங்கள். மிச்ச டர்பன்டைனைத் துறைமுகத் தண்ணீரில் கொட்டாமல் பாட்டிலில் வீட்டுக்கு எடுத்துப் போங்கள், வண்டல் அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மறுபடி பயன்படுத்தலாம்.