ஸ்வீட் பீ நாற்று நெட்டையா ஒல்லியா வளருது, இப்பவே வெளியில நடலாமா?

காவேரிக்கரை (ரெடிங், இங்கிலாந்து), ஏப்ரல் 9

எல்லாருக்கும் வணக்கம். மார்ச் முதல் வாரம் ஸ்வீட் பீ (வாசனைப் பூக்கொடி) விதை போட்டேன். தயிர் டப்பாவுல அடியில ஓட்டை போட்டு, கிச்சன் ஜன்னல்ல வெச்சிருக்கேன், நேர் கீழே ரேடியேட்டர் (அறையைச் சூடாக்கற ஹீட்டர்). எல்லாமே முளைச்சுது. இப்ப ஒவ்வொண்ணும் ஒரு சாண் உயரம், ஆனா நூல் மாதிரி ஒல்லி, கண்ணாடிப் பக்கமா சாஞ்சு கிடக்கு. வெளியில ராத்திரி இன்னும் 3 டிகிரி, 4 டிகிரின்னு காட்டுது. இப்பவே நட்டா செத்துடுமா, மே வரைக்கும் உள்ளேயே இருக்கட்டுமா?

இன்னொண்ணு. போன வருஷம் கடையில நாற்றா வாங்கி நட்டது ஜூன்ல கொட்டிப் பூத்துச்சு. ஜூலை கடைசியில பூ நின்னு, கீழிருந்து மஞ்சளாகிக் காஞ்சு போச்சு. இந்தத் தடவை ஆகஸ்ட் வரைக்கும் பூ வேணும். ஜூலைல மாமியார் திருச்சியிலருந்து வராங்க, பூன்னா அவங்களுக்கு உசுரு. போட்டோ அனுப்பினதும் அவங்க கேட்டதையும் கேட்டுடறேன்: காய் பட்டாணி மாதிரியே இருக்கே, கூட்டு வெக்கலாமா?

பால்கனித் தோட்டம் (மில்டன் கீன்ஸ்)

மே பாதி வரைக்கும் உள்ளேயே வெச்சுக்கோங்க. தக்காளி, மிளகாய்க்கு நான் அப்படித்தான் செய்றேன். ஒரே ஒரு ராத்திரி உறைபனி விழுந்தா எல்லாம் போயிடும். ஸ்வீட் பீ நான் வளர்த்ததில்ல. நத்தையை மட்டும் பார்த்துக்கோங்க, இளந்தளிர்னா விடாது.

செம்பருத்தி (என்ஃபீல்டு)

காவேரி, இன்னிக்கே ஜன்னலை விட்டு எடும்மா.

தக்காளிக்கு மேலே சொன்னது சரி. இது குளிரை விரும்புற செடி. சொந்த ஊர் சிசிலி, தெற்கு இத்தாலி. அங்க மழை தொடங்கினதும் முளைச்சு, குளிர்காலம் பூரா வேர் விட்டு, வசந்தத்துல பூத்து, கோடை வெயில் ஏறும்போது விதையாகி முடிஞ்சுடும். அதனாலதான் எங்க அலாட்மெண்ட்ல (தோட்டம் போட வாடகைக்கு விடற நிலம்) பலபேர் அக்டோபர்லயே விதைச்சுடறோம். கண்ணாடி மூடி போட்ட பெட்டிக்குள்ள, சூடு எதுவும் இல்லாம, குளிர்காலத்தைத் தாண்டிடும். வெளிக்காத்து பழகின நாற்றை லேசான உறைபனி ஒண்ணும் செய்யாது. உன் நாற்றை இழுத்து விட்டது ரேடியேட்டர் சூடும், ஒரே பக்கத்து வெளிச்சமும்தான்.

முதல் வாரம் பகல்ல வெளியில, ராத்திரி ஹீட்டர் இல்லாத இடத்துல வை. அடுத்த வாரம் ராத்திரியும் வெளியில, சுவர் ஓரமா. உறைபனி வரும்னு சொன்னா ஒரு பழைய போர்வையைப் போர்த்து. ஏப்ரல் கடைசியில தைரியமா மண்ணுல நடலாம்.

அதுக்கு முன்னாடி நுனி கிள்ளணும். கீழிருந்து எண்ணி, மூணாவது ஜோடி இலைக்கு மேல நகத்தால கிள்ளிடு. சாண் உயரத்துல பாதிக்கு மேல போயிடும், தயங்காதே. இலைக்காம்பு தண்டோட சேர்ற மடிப்பைக் கிட்டக் கொண்டு போய்ப் பாரு. கடுகளவு பச்சையா ஒரு துளிர் உட்கார்ந்திருக்கும். நுனி இருக்கற வரைக்கும் அது தூங்கும், நுனி போனதும் கிளம்பிடும். அப்படி வர்ற பக்கத் தண்டு முதல் தண்டைவிடத் தடியா, ரெண்டு ஓரத்திலயும் மெல்லிய இறக்கையோட தட்டையா வரும். பூ தாங்கப் போறது அதுதான். அது வந்துட்டா பழைய ஒல்லித் தண்டைப் பத்திக் கவலையே வேண்டாம்.

வேர் ஆழமாப் போற செடி, தயிர் டப்பா பத்தாது. அடுத்த தடவை டாய்லெட் ரோல் அட்டைக் குழல்ல போடு, குழலோடயே நட்டுடலாம், வேர் கலையாது. நடுற இடத்துல ஒரு முழம் தோண்டி, நல்லா மக்கின எரு போட்டு, செடிக்குச் செடி 20 முதல் 30 செ.மீ. விடு. 6 அடி மூங்கில் குச்சி வெக்கலாம். ஆனா பற்றுக்கம்பி மெல்லிசு, தடிச்ச குச்சியைப் பிடிக்கத் தடுமாறும். குறுக்கே சணல் கயிறோ வலையோ கட்டிக் கொடுத்தா தானா ஏறிடும்.

ஜூலைல பூ நின்னதுக்கு நான் ரெண்டைத்தான் சந்தேகப்படுவேன்: காய், தண்ணி. விதை முத்த ஆரம்பிச்சா இந்தச் செடி பூக்கறதை நிறுத்திடும். பூவைச் செடியிலயே விட்டு அழகு பார்க்கறவங்களுக்கு சீக்கிரம் முடிஞ்சு போறது அதனாலதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கணும். காலையில போ. கீழ்ப்பூ விரிஞ்சு, நுனி மொட்டு நிறம் காட்டும்போது, காம்பு தண்டுல சேர்ற இடத்துலயே வெட்டு. அப்புறம் குனிஞ்சு கீழிருந்து மேலே பாரு. காய் இலை நிறத்துலயே, மேலெல்லாம் மெல்லிய முடியோட, தட்டையா ஒளிஞ்சு தொங்கும். நின்னுக்கிட்டே பார்த்தா கண்ணுல படாது.

தண்ணி வேர்ல இறங்கற மாதிரி ஊத்து, அடியில மூடாக்குப் போடு. வேர் காய்ஞ்சு கிடந்தா இலையில வெள்ளைச் சாம்பல் நோய் வரும். பூக்க ஆரம்பிச்சதும் தக்காளிக்கு விடற திரவ உரமே போதும்.

மாமியார் கேட்டதுக்கு வரேன். காயும் சாப்பிடக் கூடாது, விதையும் கூடாது. பேர்ல பட்டாணி இருக்கறதால வர்ற ஆபத்து இது. நம்ம பட்டாணி வேற இனம். இது நம்மூர் கேசரிப் பருப்போட லாதைரஸ் இனம். கேசரிப் பருப்பையே மாசக்கணக்கா தின்னு கால் முடங்கிப் போனவங்க உண்டு, 1961ல இந்தியாவுல அதன் விற்பனைக்குத் தடையே கொண்டு வந்தாங்க. ஸ்வீட் பீ விதையில இருக்கற நஞ்சு வேற, அது எலும்பையும் இணைப்புத் திசுவையும் கெடுக்கும். வீட்டுல குழந்தைங்க இருந்தா நிஜப் பட்டாணிக் கொடி பக்கத்துல இதை நடவே நடாதே.

பூவைக் கூந்தல்ல வெச்சாலும் தாங்காது, தண்ணி இல்லன்னா சீக்கிரம் துவண்டுடும். சாமி படத்துக்கிட்ட ஒரு டம்ளர்ல வை, அறை முழுக்க மணக்கும். விதை வாங்கும்போது வாசனைக்குன்னு கேட்டு வாங்கு. பாக்கெட்ல ஸ்பென்சர்னு இருந்தா பூ பெருசு, இதழ் அலை அலையா இருக்கும், பழைய வகை அளவுக்கு மணம் பெரும்பாலும் இருக்காது. நான் விடாமப் போடறது மட்டுகானாங்கற வகை. கருஞ்சிவப்பும் ஊதாவும், சின்னப் பூதான், வாசனை ஆளைத் தூக்கும். 1699ல சிசிலியில ஃப்ரான்செஸ்கோ குபானிங்கற துறவி ஸ்வீட் பீ விதையை இங்கிலாந்துக்கு அனுப்பினார். வந்து சேர்ந்தது எங்க என்ஃபீல்டுக்குத்தான், இங்க தலைமை ஆசிரியரா இருந்த ராபர்ட் யூவ்டேல் கைக்கு. ஒவ்வொரு அக்டோபரும் விதை ஊன்றும்போது எனக்கு அது ஞாபகம் வரும்.

கரோல்பாக் வாசி (டெல்லி)

செம்பருத்தி அக்கா சொல்ற குளிர் கணக்கு இங்கயும் அப்படியேதான். நாங்க செப்டம்பர் கடைசி, அக்டோபர்ல விதைப்போம். பிப்ரவரி, மார்ச்ல பூ. ஏப்ரல் வெயில் வந்தா கொடி காய்ஞ்சுடும், பிடிச்சு வெக்க முடியாது.

மாடித்தோட்டம் (அம்பத்தூர்)

சென்னை மொட்டைமாடியில வருமா அக்கா?

செம்பருத்தி (என்ஃபீல்டு)

வேண்டாம் தம்பி. முளைக்கும், ஆனா ராத்திரியும் சூடு இறங்காத ஊர்ல கொடிக்கு மூச்சு முட்டும். சங்குப்பூ போடுங்க. அதுவும் அவரைக் குடும்பம்தான், உங்க வெயில்ல வருஷம் பூரா பூக்கும், அந்த நீலம் எனக்கு இங்க கிடைக்காது.

காவேரிக்கரை (ரெடிங்), ஜூன் 14

அக்கா, கிள்ளினது அப்படியே பலிச்சுது. பக்கத் தண்டு எல்லாம் தடியா வந்து இடுப்புக்கு மேல ஏறிடுச்சு. ஆனா ஒரு வாரமா மொட்டு மஞ்சளாகி, தொட்டாலே உதிருது. பூச்சி எதுவும் கண்ணுல படல. உரம் கூட்டணுமா?

செம்பருத்தி (என்ஃபீல்டு)

உரம் வேண்டாம்மா, கையைக் கட்டிக்கிட்டு இரு. பகல்ல மூட்டம், ராத்திரி திடீர்க் குளிர், மண்ணுல ஈரம் நிக்குது. சீசன் தொடக்கத்துல இப்படி ஆனா மொட்டு உதிரத்தான் செய்யும், நோய் இல்ல. தழைச்சத்து கூடினாலும் உதிரும், அதனாலதான் உரம் வேண்டாங்கறேன். விரல் விட்டுப் பார்த்து, மண் காஞ்சிருந்தா மட்டும் தண்ணி. வெயில் நிலைச்சதும் அடுத்து வர்ற காம்பு மொட்டைத் தாங்கும். நுனித் தளிர்ல மட்டும் அசுவினி இருக்கான்னு பாரு, இருந்தா விரலாலயே நசுக்கித் துடைச்சுடு.

மாமியாரோட எங்கயாவது ஊர் சுத்தக் கிளம்பினா பக்கத்து வீட்டுல சொல்லிட்டுப் போ, பூ அவங்களே எடுத்துக்கட்டும். ஒரு வாரம் பறிக்காம விட்டா காய் பிடிச்சுடும்.