கொள்ளிடத்து மணலில் ஐந்து விரல் தடம்: நீர்நாயா, கீரியா?

கேள்வி – மணல்திட்டு
கல்லணைக்குக் கீழே கொள்ளிடத்தில் ஈரமணலில் ஐந்து விரல் தடங்கள். பக்கத்தில் செதிலும் முள்ளுமாக எச்சம். நீர்நாய் என்கிறார்கள், கீரி என்றும் சொல்கிறார்கள். அச்செடுத்து, கேமரா வைத்து உறுதிசெய்வது எப்படி?

கரையோரம்
கீரிக்கும் ஐந்து விரல்தான், அதனால் விரலை எண்ணிப் பயனில்லை. அகலத்தை அளந்து பாருங்கள். வளர்ந்த ஆற்று நீர்நாயின் தடம் சுமார் 6 செ.மீ. இருக்கும், கீரிக்கு ஏறக்குறைய அதில் பாதி. நல்ல ஈரமணலாக இருந்தால் விரல்களுக்கு நடுவே சவ்வின் பதிவும் தெரியும். உடும்பு என்றால் தடங்களுக்கு நடுவே வால் வளைந்து வளைந்து இழுபட்ட கோடு இருக்கும்.

எச்சத்தில் செதில் இருப்பது மட்டும் சாட்சியாகாது, நீர்க்காகம் கக்கியதிலும் முள் இருக்கும். நீர்நாய் கூட்டமாக ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கழிக்கும். பழையதும் புதியதும் ஒன்றாகக் கிடந்து, கடும் மீன் வாடை அடித்தால் ஐயமே வேண்டாம். பெரும்பாலும் நண்டு ஓடாகவே இருந்தால் மலையோடைச் சிறுநக நீர்நாயை நினைக்கலாம். ஆனால் அது இந்தச் சமவெளிக்கு வராது.

அச்சுக்கு: தடத்தைச் சுற்றி அட்டை வளையம் வையுங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. தடத்தின் மேல் நேராக ஊற்றினால் மணல் சரிந்து விரல் நுனி மழுங்கிவிடும். ஓரத்தில் ஊற்றி உள்ளே வழியவிடுங்கள். அரை மணி நேரமாவது தொடக் கூடாது; ஈரமணலில் இன்னும் தாமதமாகும். மணலைத் தேய்த்து எடுப்பது வீட்டில், நன்றாகக் காய்ந்த பிறகு.

இரவுக்கண்
கேமராவில் ஒரு சிக்கல் உண்டு. அதன் சென்சார் உடம்புச் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்துத்தான் இயங்கும். தண்ணீரிலிருந்து அப்போதுதான் ஏறிய நீர்நாயின் அடர்ந்த ஈர ரோமம் சூட்டை வெளியே விடாது, கேமரா விழிக்காமலே போகும். அதனால் கரையேறும் வழியில் வைக்காமல், கழிக்கும் இடத்தை நோக்கி 2–3 மீட்டர் தொலைவில், முழங்கால் உயரத்தில் கட்டுங்கள். அங்கே உருண்டு புரண்டு ஈரத்தை உதறும். சென்சிடிவிட்டி உச்சத்தில், 20 விநாடி வீடியோ. லென்ஸ் ஆற்றைப் பார்த்தால் அலையின் மினுக்கத்துக்கே கார்டு நிறைந்துவிடும். வனத்துறை அனுமதியை முதலில் வாங்குங்கள்.

மேட்டூர் நிரம்பினால் உபரி நீர் முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்துக்குத்தான் திரும்பும். அறிவிப்பு வந்த அன்றே கேமராவைக் கழற்றுங்கள், திட்டு முழுகிவிடும்.

அணைக்கரை
ஒன்று விட்டுப்போயிற்று: கொள்ளிடத்தில் முதலையும் உண்டு. வயிறு இழுபட்ட அகலமான வழுக்குத் தடமும் அதன் நடுவே வால் கோடும் கண்டால் அந்தத் திட்டில் இறங்க வேண்டாம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மணலில் குழி தோண்டி முட்டையிடும். தாய் பக்கத்திலேயே இருக்கும். முட்டை பொரிய ஏறக்குறைய இரண்டு மாதம். அதுவரை கேமராவை எதிர்க்கரைக்கு மாற்றுங்கள்.

மணல்திட்டு
அளந்தேன், 6 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதல். வழுக்குத் தடம் ஏதுமில்லை. அனுமதிக்கு எழுதுகிறேன்.