அப்பாவின் பங்குகள், மூன்றாவது வாரிசு: வழி சொல்லுங்கள்

கேரளா பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் எண்ணெய் மில், பிரைவேட் லிமிடெட் கம்பெனி. மார்ச்சில் அப்பா தவறினார். அம்மா முன்பே இல்லை. அப்பா பேரில் 60 சதவீதப் பங்கு. உயிலும் இல்லை, நாமினியும் இல்லை. யார் நடத்துவது என்று அண்ணனுக்கும் எனக்கும் பேச்சே நின்றுபோனது.

அப்போதுதான் பொள்ளாச்சியிலிருந்து, தானும் அப்பாவின் மகன் என்று சொல்லி ஒரு தம்பி வந்தான். கையில் பள்ளிச் சான்றிதழ், கோயிலில் அப்பா அவன் அம்மாவுக்குத் தாலி கட்டும் போட்டோ. காது மடல்கூட அப்பாவுக்கு இருந்த மாதிரியே.

சித்தூர் தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்று கேட்டோம். அவன் ஆட்சேபம் கொடுத்ததும் நின்றுவிட்டது. பெரியவர்களை வைத்து இரண்டு முறை பேசினோம். அண்ணன் பாதியிலேயே எழுந்து போனார். 1955 இந்து திருமணச் சட்டம் 16வது பிரிவைப் படித்தேன்; செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கும் பெற்றோர் சொத்தில் உரிமை உண்டு என்கிறது. அவன் பங்கை மறைக்க எனக்கு மனமில்லை.

மூவர் பேருக்கும் பங்குகளை மாற்ற, கோர்ட்டில் முதலில் எதைக் கேட்க வேண்டும்: வாரிசுரிமைச் சான்றா (கோர்ட் தரும் சக்சஷன் சர்டிபிகேட்), பாகப்பிரிவினையா?