ஸ்பான்சர் வந்தால் கழகத்தின் பெயரும் நிறமும் சின்னமும் போக வேண்டுமா? எப்படித் தடுப்பது?

முதுநகர் ரைட் பேக்:

கடலூரில் சங்கமாகப் பதிவான எங்கள் கால்பந்துக் கழகத்துக்கு ஒரு தனியார் நிறுவனம் மூன்று ஆண்டுக்குப் பணம் தர முன்வந்திருக்கிறது. பந்து, ஜெர்சி, பயிற்சியாளர் சம்பளம், வெளியூர் டோர்னமென்ட் செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. பதிலுக்கு, கழகப் பெயருக்கு முன்னால் நிறுவனத்தின் பெயர் வர வேண்டுமாம். நீலம் வெள்ளைக்குப் பதிலாக அவர்களுடைய ஆரஞ்சு. சின்னத்தில் கட்டுமரம் இருக்கும் இடத்தில் அவர்கள் லோகோ. நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேல் சம்மதம். இன்னும் கையெழுத்தாகவில்லை.

பழைய ஆட்டக்காரர்களும் மேட்ச் பார்க்க வருகிறவர்களும் எதிர்க்கிறோம். ஆனால் பணமே வேண்டாம் என்று சொல்லும் நிலையில் கழகம் இல்லை. இணையத்தில் கையெழுத்து வாங்கினால் போதுமா? வேறு என்ன செய்யலாம், எதை முதலில் செய்ய வேண்டும்?

புதுப்பாளையம் குமாஸ்தா:

இணையக் கையெழுத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் வேலை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில். கட்டணம் கட்டி கழகத்தின் மெமோரண்டம் (பெயரும் நோக்கமும் சொல்லும் ஆவணம்), பைலா (சங்க விதிகள்), கடைசியாகத் தாக்கல் செய்த ஆண்டறிக்கை மூன்றுக்கும் சான்றிட்ட நகல் வாங்குங்கள். நிர்வாகி கையில் இருக்கும் ஜெராக்ஸை நம்பி எதையும் ஆரம்பிக்க வேண்டாம். நடுவில் செய்த திருத்தம் அதில் இல்லாமல் போகலாம்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி, மெமோரண்டத்தையும் பைலாவையும் மாற்றச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். 21 நாள் முன்னறிவிப்போடு பொதுக்குழு கூட வேண்டும், வந்து வாக்களிப்பவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரிக்க வேண்டும். 60 பேர் வாக்களித்தால் 45 தேவை. 16 பேர் எதிர்த்தாலே பெயர் மாற்றம் விழுந்துவிடும். உங்கள் பலம் இதில்தான்.

ஆனால் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. ஒன்று, பெரும்பாலான பைலாக்களில் பெயர் மட்டும்தான் இருக்கும், நிறமும் சின்னமும் இருக்காது. அப்படியானால் அவற்றை நிர்வாகக் குழு சாதாரணக் கூட்டத்திலேயே மாற்றிவிடலாம். இரண்டு, சங்கத்தின் பெயரைத் தொடாமல், டோர்னமென்ட் நுழைவுப் படிவத்தில் மட்டும் அணியின் பெயரை மாற்றி எழுதுவார்கள். பதிவாளரிடம் போகவே தேவையில்லாமல் வேலை முடிந்துவிடும். ஆகவே, "அணி எந்தப் போட்டியிலும் கழகத்தின் பதிவுப் பெயரில், நீலம் வெள்ளையில், கட்டுமரச் சின்னத்தோடு ஆடும், மாற்றுவதானால் பொதுக்குழு ஒப்புதல் வேண்டும்" என்று ஒரு சாதாரணத் தீர்மானத்தையாவது இப்போதே பொதுக்குழுவில் வையுங்கள். பைலாவில் ஏற்ற நான்கில் மூன்று பங்கு கிடைத்தால் இன்னும் நல்லது.

பலர் சறுக்குவது உறுப்பினர் பட்டியலில். ரசிகர் வேறு, உறுப்பினர் வேறு. கேலரியில் ஐந்நூறு பேர் கத்தினாலும் வாக்கு உறுப்பினருக்குத்தான். சந்தா பாக்கி இருந்தால் வாக்குரிமை போகும் என்று பைலாவில் இருக்கலாம். பாக்கி இருப்பவர்கள் இன்றே கட்டி ரசீது வாங்கட்டும். கூட்டத்துக்கு முந்தின வாரம் ஆள் சேர்க்காதீர்கள், செல்லாது என்று ஆட்சேபம் வரும்.

நிர்வாகம் விதியை மீறினால், மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் கையெழுத்திட்டுப் பிரிவு 36-இன்கீழ் பதிவாளரிடம் விசாரணை கேட்கலாம். நீங்கள் வாங்க வேண்டிய கையெழுத்து இதுதான். உறுப்பினர் எண்ணோடு, மையில், காகிதத்தில் வாங்குங்கள்.

இது தமிழ்நாட்டுக் கணக்கு. புதுச்சேரியில் பதிவான கழகத்துக்கு 1860-ஆம் ஆண்டுச் சட்டம் என்பதால் இது அப்படியே பொருந்தாது.

உப்பளம் கேலரி:

குமாஸ்தா அண்ணன் சொன்னதுதான் அடித்தளம். வெளியில் இந்தப் போராட்டங்கள் எப்படிப் போயின என்பதையும் பாருங்கள்.

நமக்கு நெருங்கிய உதாரணம் கொல்கத்தா. 1889-இல் தொடங்கிய மோகன் பகான் 2020-இல் அதே ஊரின் ஏடிகே அணியோடு சேர்ந்தது. புதிய முதலாளியிடம் 80 சதவீதப் பங்கு போனது. பச்சை அரக்கு நிறமும் பாய்மரப் படகும் தப்பின, பெயருக்கு முன்னால் மட்டும் 'ஏடிகே' ஒட்டிக்கொண்டது. ரசிகர்கள் "ஏடிகே-வை எடு" என்ற ஒரே கோரிக்கையை மூன்று ஆண்டு விடாமல் பிடித்தார்கள். 2023 மார்ச் 18 அன்று கோவாவில் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வென்ற இரவில், அந்தப் பெயர் நீங்கும் என்று உரிமையாளர் அறிவித்தார். ஆனால் 'சூப்பர் ஜெயன்ட்' பின்னால் வந்து சேர்ந்தது. எது வேண்டாம் என்பதோடு எது மட்டும்தான் வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதற்கு இதுவே சாட்சி.

வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் சிட்டி கழகத்தில் 2012-இல் நீலத்தைச் சிவப்பாக்கினார்கள். மறு ஆண்டே சிவப்புச் சட்டையில் இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீகுக்கு ஏறினார்கள். ஜெயித்தால் எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்ற கணக்கு பலிக்கவில்லை. 2015 ஜனவரியில் நீலம் திரும்பியது. இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட் 2018 ஜனவரியில் புதுச் சின்னம் வெளியிட்ட அன்றே எதிர்ப்பு மனுவில் 50,000-க்கு மேல் கையெழுத்து விழுந்து, கழகம் பின்வாங்கியது. அவ்வளவு பெரிய கழகத்துக்கு இணைய மனு வேலை செய்யும். நம் ஊர்க் கழகத்துக்குச் சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் வரும் ஆயிரம் கையெழுத்தை நிர்வாகம் "இவர்கள் யார்?" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடும்.

தோற்ற கதையும் உண்டு. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் கழகத்தை 2005-இல் ரெட்புல் என்ற பான நிறுவனம் வாங்கியதும் ஊதா நிறம் போனது. பேச்சுவார்த்தையில், கோல்கீப்பரின் காலுறையில் ஊதா இருக்கட்டும் என்று சொன்ன அளவுக்குத்தான் இறங்கி வந்தார்கள். ரசிகர்கள் பிரிந்து பழைய பெயரில் புதுக் கழகம் தொடங்கி, 2006-இல் ஏழாம் நிலை லீகிலிருந்து ஆடினார்கள். அது கடைசி வழி. மைதானம், ஆட்டக்காரர்கள், லீக் இடம் எல்லாவற்றையும் விட்டு வர வேண்டியிருக்கும்.

இங்கிலாந்தில் 2025-இல் கால்பந்து நிர்வாகச் சட்டம் வந்து, சின்னத்தையும் சொந்த மைதான ஜெர்சி நிறத்தையும் ரசிகர் பெரும்பான்மை இல்லாமல் மாற்ற முடியாது என்றாகிவிட்டது. நமக்கு அந்தக் காப்பு இல்லை. பைலாதான் காப்பு.

நெல்லித்தோப்பு பிரிண்ட்:

நிறத்தை 'நீலம்' என்று மட்டும் தீர்மானத்தில் எழுதினால் பயனில்லை. நாளை கரும்பச்சை கலந்த நீலத்தைக் கொண்டுவந்து இதுவும் நீலம்தானே என்பார்கள். பான்டோன் எண் (அச்சுத் தொழிலில் ஒவ்வொரு நிறத்துக்கும் உள்ள பொதுக் குறியீடு) எழுதி, துணித் துண்டு ஒன்றையும் தைத்து இணையுங்கள். ஜெர்சி இப்போதெல்லாம் வெள்ளை பாலியெஸ்டரில் சப்ளிமேஷன் முறையில் (சூட்டில் மையைத் துணிக்குள் ஏற்றுவது) அடிப்பதால், திரையில் பார்க்கும் நீலமும் துணியில் விழும் நீலமும் ஒன்றாக இருக்காது. சின்னத்தையும் கோட்டுப் படமாக, எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதறாத வெக்டர் கோப்பாக, வண்ண எண்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

டிரேட்மார்க் பதிவு உடனே செய்ய வேண்டியது. விளையாட்டுச் சேவைக்கு வகுப்பு 41, உடைக்கு வகுப்பு 25. இணையத்தில் தாக்கல் செய்ய, ஒரு வகுப்புக்குத் தனிநபர் என்றால் 4,500 ரூபாய், சங்கம் என்றால் 9,000. பாதிப் பணம் மிச்சம் என்று செயலாளர் பெயரில் போட்டுவிடாதீர்கள். சின்னம் சட்டப்படி அவருடையதாகிவிடும். கழகத்தின் பெயரில்தான் போட வேண்டும். ஸ்பான்சர் முந்திக்கொண்டு தாக்கல் செய்திருந்தால், டிரேட்மார்க் இதழில் வெளியான நான்கு மாதத்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அப்போது முன்பிருந்தே நீங்கள் பயன்படுத்தியதற்குச் சான்று வேண்டும்: தேதி தெரியும் டோர்னமென்ட் நோட்டீஸ், பழைய ஜெர்சி பில், செய்தித்தாள் துண்டு, கோப்பைச் சான்றிதழ். இவற்றை இன்றே ஸ்கேன் செய்யுங்கள். கட்டுமரத்தை வரைந்தவர் உயிரோடு இருந்தால் அவரிடம் உரிமை மாற்றுப் பத்திரம் ஒன்று எழுதி வாங்குங்கள்.

கெடு எது தெரியுமா? ஒப்பந்தத் தேதியைவிட ஜெர்சி ஆர்டர் தேதிதான் முக்கியம். இங்கிலாந்தின் எவர்டன் கழகம் 2013-இல் மாற்றிய சின்னத்தைத் தவறு என்று ஒப்புக்கொண்ட பிறகும், சட்டைகள் தயாராகிவிட்டதால் ஒரு சீசன் முழுக்க அதையே அணிந்தார்கள். திருப்பூருக்கு அட்வான்ஸ் போவதற்கு முன் உங்கள் கடிதம் நிர்வாகத்தின் மேஜையில் இருக்க வேண்டும்.

ஸ்பான்சருக்குக் கொடுக்க இடம் நிறைய உண்டு. எதிரணி நிறம் ஒத்துப்போனால் மாற்றுச் சட்டை எப்படியும் வேண்டும். அது ஆரஞ்சாக இருக்கட்டும். நீலச் சட்டையின் மார்பில் அவர்கள் லோகோ ஒற்றை வெள்ளையில். பயிற்சி உடை, பை, பெஞ்ச் கூரை, நீங்கள் நடத்தும் கோப்பைப் போட்டியின் பெயர் எல்லாம் அவர்களுக்கே.

முதுநகர் ரைட் பேக்:

எல்லாருக்கும் நன்றி. பைலா நகலுக்கு மனு போடுகிறோம். இதற்கிடையில், உறுப்பினர்களிடம் ஒரு கருத்துக்கணிப்பு நடத்திவிடலாம் என்று நிர்வாகம் சொல்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?

உப்பளம் கேலரி:

கேள்வியை யார் எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. இங்கிலாந்தின் ஹல் சிட்டி கழகத்தின் பெயரை 'ஹல் டைகர்ஸ்' ஆக்க 2014-இல் சீசன் டிக்கெட்காரர்களிடம் வாக்கெடுத்தார்கள். ஒரு பக்கம், உரிமையாளர் குடும்பம் தொடர்ந்து கழகத்தை நடத்தும் என்ற வாக்கோடு சேர்ந்த 'ஆம்'. மறுபக்கம் வெறும் 'வேண்டாம்'. மூன்றாவதாக 'எதுவானாலும் கவலையில்லை'. ஆம் 2,565, வேண்டாம் 2,517, கவலையில்லை 792. பணம் போய்விடும் என்ற பயத்தைக் கேள்விக்குள்ளேயே வைத்தும் வித்தியாசம் 48 வாக்குதான். அப்படியும் அந்த ஏப்ரலில் இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்தின் கவுன்சில் 63.5 சதவீத வாக்கில் பெயர் மாற்றத்தை மறுத்தது, 2015-இல் மறுபடியும் மறுத்தது.

பெயர், நிறம், சின்னம் மூன்றுக்கும் தனித்தனிக் கேள்வி கேளுங்கள். "ஸ்பான்சர் வேண்டுமா?" என்பது நான்காவது, தனிக் கேள்வி. ரகசிய வாக்கு, இரு தரப்பிலிருந்தும் எண்ணுகிறவர்கள். இதற்கு ஒப்புக்கொண்டால் சரி, இல்லாவிட்டால் பொதுக்குழுவிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

திருப்பாதிரிப்புலியூர் ஸ்டாண்ட்:

மைதானத்தில் செய்ய வேண்டியது பற்றிக் கொஞ்சம். மேட்சைப் புறக்கணிக்காதீர்கள். டிக்கெட் இல்லாத ஊர் மேட்சில் வராமல் இருப்பது யார் கண்ணிலும் படாது. எல்லாரும் நீலத்தில் வந்து நிறைந்து உட்காருங்கள், அது ஸ்பான்சர் எடுக்கும் போட்டோவிலேயே விழும். அண்ணா விளையாட்டரங்கம் என்றால் மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் பேனருக்கு முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சாலையில் பிளெக்ஸ் வேண்டவே வேண்டாம், பெயர் கெடும். காடா துணியில், எதிர்ப்பக்கத்திலிருந்து படிக்க எழுத்து இரண்டடி உயரமாவது இருக்க வேண்டும். கடல்காற்று இழுக்கும், ஆகவே ஓரத்தை இரட்டையாக மடித்துத் தைத்து இரண்டடிக்கு ஒரு வளையம் போடுங்கள். கோல் வலையில் கட்டாதீர்கள். ஆட்டக்காரர்களை ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.

ஒப்பந்த வரைவில் சேர்க்கச் சொல்ல வேண்டியவை: கழகத்தின் பெயரையோ சின்னத்தையோ ஸ்பான்சர் தன் பெயரில் பதிவு செய்யக் கூடாது, காலம் முடிந்த 30 நாளில் அவர்கள் பெயர் எல்லா இடத்திலிருந்தும் நீங்க வேண்டும், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களின் அட்மின் உரிமை கழகத்திடமே இருக்க வேண்டும், கோப்பைகள் கழகச் சொத்து. அட்மின் விஷயத்தை யாரும் கவனிப்பதில்லை. ஸ்பான்சரின் விளம்பர ஆள் பக்கத்தை நடத்த ஆரம்பித்ததும் முதலில் மாறுவது முகப்புப் படம்தான். இப்போது யார் யார் அட்மின் என்று இன்றிரவே பார்த்துவிடுங்கள்.