மறு: வாக்கி டாக்கியும் ஜி.பி.எஸ்.ஸும் சேர்ந்த கருவிக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இழையைத் தொடங்கி வைத்துவிட்டு மலையிறங்கிப் போனவன், நேற்றுத்தான் கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானலுக்குத் திரும்பினேன். அதற்குள் பதினோரு சொற்கள் வந்து குவிந்திருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத நேரமில்லை, எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடல். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், சொல் யாருக்கு என்பதைத் தெளிவாக எழுதாமல் விட்டது என் பிழை. எங்கள் பக்கம் மலைநடைக்கு வழிகாட்டிகளாகப் போகும் பையன்களுக்காக நான்கு பக்கத் தாள் ஒன்று தயாரிக்கிறேன். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. அனுமதிச் சீட்டு, வழிகாட்டி, ஆள் கணக்கு எல்லாம் இப்போது ஒழுங்காக நடக்கிறது. ஆனால் கையில் இருக்கும் கருவியைப் பற்றித் தமிழில் ஒரு வரி கிடையாது. பையன்கள் பத்தாவது, பன்னிரண்டாவது படித்தவர்கள். படம் பார்த்துப் பொத்தானை அழுத்திவிடுவார்கள். எதற்கு அழுத்துகிறோம் என்று தெரிய வேண்டுமென்றால் சொல் வேண்டும்.

> "இருவழி வானொலியுடன் கூடிய கையடக்கப் புவியிடங்காட்டி" என்றே எழுதிவிடலாம். பொருள் பிசகாது.

பிசகாதுதான், ஐயா. ஆனால் இது கொள்முதல் ஆணையில் எழுதுகிற விவரம். மழையில் நனைந்து விறைத்த கையை நீட்டி ஒருவன், "அந்த இருவழி வானொலியுடன் கூடிய..." என்று தொடங்கினால், கேட்டு முடிப்பதற்குள் பஸ் போய்விடும்.

இன்னொரு சங்கடம், "வானொலி". கொடைக்கானலில் வானொலி என்றால் 100.5 தான். இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் நிற்கும் அந்தப் பண்பலைக் கோபுரம் மதுரை, திண்டுக்கல், திருச்சி வரை பாட்டுப் போடுகிறது. கேட்பது மட்டும்தான் நம் வேலை, நாம் பேசினால் அது கேட்காது. வானொலி என்ற சொல்லோடு இந்த ஒருவழிப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. "இருவழி" என்று முன்னொட்டுப் போட்டாலும் ஒட்டியது போகாது. ஊட்டி முத்தோரையில் இருக்கிற ரேடியோ தொலைநோக்கியை "வானொலித் தொலைநோக்கி" என்று எழுதும்போதும் எனக்கு இதே நெருடல்தான். 530 மீட்டர் நீளக் கருவி பாட்டுக் கேட்பதற்கா என்று ஒரு பிள்ளை என்னிடமே கேட்டிருக்கிறாள். அங்கே வானிலிருந்து ஏதோ வருகிறது என்ற அளவிலாவது சொல் பொருந்துகிறது என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறேன்.

> வாக்கி டாக்கிக்கு "நடைபேசி" இருக்கிறதே. "இடங்காட்டும் நடைபேசி" என்றால் முடிந்தது.

நடைபேசி நல்ல சொல். வாக்கி டாக்கிக்காகவே பிறந்தது போல இருக்கிறது. அதைச் செல்போனுக்கும் பயன்படுத்திப் பயன்படுத்திக் கெடுத்துவிட்டோம். இன்று "இடங்காட்டும் நடைபேசி" என்று எழுதினால், கூகுள் வரைபடம் போட்ட செல்போன் என்றுதான் பையன்கள் நினைப்பார்கள். செல்போன் வேலை செய்யாத இடத்துக்குத்தான் இந்தக் கருவியே. அதோடு "இடங்காட்டும்" என்ற பாதியிலும் எனக்கு ஐயம் உண்டு. அது ஏன் என்று சொல்ல ஒரு சம்பவம்.

போன வருடம் கார்த்திகை. வட்டக்கானலிலிருந்து கீழே வெள்ளகெவி கிராமத்துக்கு இறக்கம், மதுரைக் கல்லூரிப் பிள்ளைகள் பதினாறு பேர். முன்னால் நான், கடைசியில் வெள்ளகெவி அண்ணன் ஒருவர். ஆளுக்கொரு சாதாரண வாக்கி டாக்கி. 446 மெகாஹெர்ட்ஸில் இயங்கும், 2018 முதல் உரிமம் தேவைப்படாத சின்ன செட்தான். ஆளுக்கொரு ஜி.பி.எஸ்.ஸும் தனியாக இருந்தது. பாதி வழியில் மேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்கு முன்னால் போகிற பையனின் பை தெரிகிறது, பையன் தெரியவில்லை. அப்போது செட் கரகரத்தது.

"தம்பி, ஒரு பிள்ளைக்குக் கால் பெசகிருச்சு. பெரிய பாறைகிட்ட உக்காந்திருக்கோம்."

"எந்தப் பெரிய பாறைண்ணே?"

"அதான்ப்பா, வழியில இருக்குமே."

அந்த வழி முழுக்கப் பாறைதான். சரி, ஜி.பி.எஸ். திரையில் இருக்கும் எண்ணை வாசியுங்கள் என்றேன். அண்ணனிடம் மூக்குக் கண்ணாடி இல்லை. 10 பாகை 12 நிமிடம் என்று இருந்ததை 11 நிமிடம் என்று வாசித்துவிட்டார். அகலாங்கில், அதாவது அட்சரேகையில், ஒரு நிமிடம் என்றால் தரையில் சுமார் 1.85 கிலோமீட்டர். நான் எண்ணைப் போட்டுப் பார்த்தால், எனக்குப் பின்னால் மேலே இருக்க வேண்டியவர் எனக்கு முன்னால் கீழே, பள்ளத்தில் நிற்கிறார்! கடைசியில் விசில் சத்தத்தை வைத்து மேலே ஏறித்தான் அவர்களைக் கண்டுபிடித்தேன். இரண்டு கருவியும் பழுதில்லாமல் வேலை செய்தன. ஒன்றுக்கு இடம் தெரியும், வாயில்லை. மற்றதற்கு வாய் உண்டு, இடம் தெரியாது. நடுவில் மனிதன் நின்று எண்ணை எடுத்துக் கொடுக்கிற இடத்தில்தான் கோட்டை விட்டோம்.

சேர்ந்த கருவி அந்த நடு ஆளை எடுத்துவிடுகிறது. கார்மின் நிறுவனம் 2002இல் ரைனோ என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. பேசி முடித்துப் பொத்தானை விட்டதும், நம் இடத்தையும் ஒரு பொட்டலமாகக் கட்டி அதே அலையில் அனுப்பிவிடும், எதிராளியின் திரையில் நம் புள்ளி விழும். அமெரிக்காவில் இந்தப் பொட்டலத்துக்கு விதி உண்டு. ஒரு நொடிக்கு மேல் நீளக் கூடாது, 30 நொடிக்குள் இரண்டாவது முறை அனுப்பக் கூடாது. அலை பேச்சுக்குத்தான், இடம் ஓரமாக ஏறிக்கொள்ளலாம் என்ற கணக்கு. (தம்பி அமெரிக்காவிலிருந்து வருகிறான், வாங்கி வரச் சொல்லட்டுமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். அது ஓடுவது 462, 467 மெகாஹெர்ட்ஸில், இங்கே அதற்கு உரிம விலக்கு இல்லை.) நாங்கள் பயன்படுத்துவது ஜி.பி.எஸ். உள்ளேயே இருக்கிற ஹாம் செட், அதாவது ரேடியோ ஆர்வலர்களுக்கான செட். இரண்டு முனையிலும் தேர்வு எழுதி உரிமம் வாங்கிய ஆட்கள்.

இந்த மாசி மாதம் அதே இறக்கம். வெள்ளகெவி அண்ணன் இந்த முறை என்னோடு முன்னால் வந்தார், கடைசியில் உரிமம் உள்ள நண்பர். ஓடைக்கரையில் உட்கார்ந்து காத்திருந்தோம். எங்கே என்று கேட்டேன். "இதோ வந்துக்கிட்டே இருக்கோம், ஓவர்" என்றது நண்பரின் குரல். கூடவே டிர்ர்ரென்று ஒரு சின்னச் சத்தம், பொட்டலம் வந்துவிட்டது. திரையில் பார்த்தால் வடக்கே 900 மீட்டர். பத்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டேன். மறுபடியும் "வந்துக்கிட்டே இருக்கோம்", மறுபடியும் டிர்ர்ர், அதே 900 மீட்டர். அசையவே இல்லை, மூட்டையைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அண்ணன் திரையை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அட, இது சரியான கோள்சொல்லியால்ல இருக்கு!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வாரமாக நாம் இங்கே அகராதியைப் புரட்டிக்கொண்டிருக்கிறோம், மனிதர் ஓடைக்கரையில் பீடியை அணைத்தபடி சொல்லிவிட்டார். செயற்கைக்கோள், கோள்சொல்லி! கோளை வைத்துச் சொல்வதும் கோள்தான், போட்டுக்கொடுப்பதும் கோள்தான். இதைவிடப் பொருத்தமான சிலேடை தானாக அமையாது.

ஆனாலும் தாளில் அதை எழுத மாட்டேன். வசைச்சொல்லைக் கருவியின் பெயராக வைத்தால் யாரும் இடுப்பில் மாட்ட மாட்டார்கள் என்பது ஒன்று. அதைவிட, தவறான ஒரு நம்பிக்கைக்கு அது தீனி போடும். ஜி.பி.எஸ். வைத்திருந்தால் நாம் இருக்கும் இடம் செயற்கைக்கோளுக்குத் தெரிந்துவிடும், யாராவது பார்த்து வந்து காப்பாற்றுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தச் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் தம் பாட்டுக்கு நேரத்தைச் சொல்லிக்கொண்டே சுற்றுகின்றன. குறைந்தது நான்கின் குரலைக் கேட்டு, கணக்குப் போட்டு, இடத்தைக் கண்டுபிடிப்பது நம் கையில் இருக்கும் பெட்டி. கோளுக்கு நம்மைத் தெரியவே தெரியாது. நம் இடம் இன்னொருவருக்குப் போவது இந்த மலையிலிருந்து அந்த மலைக்கு, வெறும் ரேடியோ அலையில்.

ஆகவே கோளை விட்டுவிட்டு, அண்ணனின் "சொல்லி"யை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். என் முன்மொழிவு:

இடஞ்சொல்லி

வெறும் ஜி.பி.எஸ். இடங்காட்டி. எனக்கு என் இடத்தைக் காட்டும், அதோடு சரி. "இடங்காட்டும்" என்பதில் ஐயம் என்றேனே, அது இதுதான். காட்டுவது பார்க்கிறவனோடு முடிந்துவிடும். சொல்வதற்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும். கதைசொல்லி, குறிசொல்லி என்று நம்மிடம் சொல்லிகள் ஏற்கெனவே நடமாடுகிறார்கள், அந்த வரிசையில் இதுவும் உட்காரும்.

நேற்றிரவு இதை இரண்டு பேருக்குத் தனி மடலில் அனுப்பினேன். இலக்கணம் படித்த ஐயா ஒருவர் உடனே மடக்கினார்: "இடஞ்சுழி, வலஞ்சுழி என்கிறோம். அப்படியென்றால் இடஞ்சொல்லி இடப்பக்கம் திரும்பு என்று சொல்கிற கருவியா?" நியாயமான கேள்வி. இடத்துக்கு இரண்டு பொருள் இருப்பது தமிழின் பழைய சொத்து. இடங்காட்டிக்கும் இதே ஆபத்து உண்டு, ஆனால் இதுவரை யாரும் அதை இடதுகாட்டி என்று படித்ததாகத் தெரியவில்லை. கருவியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லும்போது குழப்பம் வராது என்று நினைக்கிறேன். ஐயா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, "பார்ப்போம்" என்றிருக்கிறார். அவர் "பார்ப்போம்" என்றால் பாதி சம்மதம்.

கோவை நண்பரின் கேள்வி வேறு. 865 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஓடுகிற மெஷ்டாஸ்டிக் பெட்டிகள் இடத்தையும் குறுஞ்செய்தியையும் அனுப்புகின்றன, குரல் கிடையாது. அதையும் இந்தச் சொல்லில் சேர்ப்பதா என்று கேட்கிறார். தாராளமாகச் சேர்க்கலாம். "பேசி" என்று பெயர் வைத்திருந்தால்தான் சிக்கல். வாய் திறக்காமலும் ஒன்றைச் சொல்லலாமே.

இனி உதிரிச் சொற்கள். இவற்றில் ஒன்றுக்காக மட்டும் சண்டை போடத் தயாராக இருக்கிறேன்.

> ரேடியோ எட்டும் தொலைவுக்கு "வீச்செல்லை".

வேண்டவே வேண்டாம். கூப்பிடுதூரம் இருக்கும்போது வீச்செல்லை எதற்கு? "ஊர் கூப்பிடுதூரத்தில்தான் இருக்கிறது" என்று பாட்டி காலத்திலிருந்து சொல்லி வருகிறோம். குரல் எட்டுகிற தொலைவு என்பதுதான் அதன் பொருளே, செட்டுக்கும் அதே பொருள்தான். மலையில் இந்தத் தூரம் கிலோமீட்டரில் அடங்காது என்பதும் இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. செட்டு வந்த அட்டைப்பெட்டியில் 30 கிலோமீட்டர், 50 கிலோமீட்டர் என்று அச்சடித்திருப்பார்கள். டால்பின் நோஸ் பாறை விளிம்பில் நின்றால் கீழே பெரியகுளம் சமவெளியில் இருப்பவரோடு தெளிவாகப் பேசலாம். அதே செட்டில், முந்நூறு மீட்டர் தள்ளி மலைத் திருப்பத்துக்கு அந்தப் பக்கம் நிற்பவர் கிடைக்க மாட்டார். இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறவை, நடுவில் மலை நின்றால் நின்றதுதான். பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது: கண்ணுக்கு எட்டினால் காதுக்கு எட்டும். பேச்சு கிடைக்காவிட்டால் சத்தம் போட்டுக் கத்தாதே, பத்தடி ஏறி முகட்டில் நின்று கூப்பிடு.

மற்றவை: போகும் வழியில் குறித்து வைக்கும் புள்ளிக்கு "வழிக்குறி", நடந்து வந்த கோட்டுக்குத் "தடம்". இரண்டும் இழையில் வந்தவையே, மறுபேச்சில்லை. அழுத்திக்கொண்டு பேசும் பொத்தானுக்குப் "பேச்சுப் பொத்தான்" போதும். நாம் கேட்காமலே எதிராளியின் இடத்தைக் கருவி கேட்டு வாங்குவதற்கு "இடவிசாரிப்பு" என்று ஒருவர் எழுதியிருந்தார். காவல் நிலைய வாடை அடிக்கிறது. "இடங்கேட்டல்" என்று மாற்றியிருக்கிறேன். "ஓவர்" ஓவராகவே இருக்கட்டும். அதைத் தமிழாக்கினால் பையன்கள் என்னைப் பார்த்து "ரொம்ப ஓவர்" என்பார்கள்.

சோலைக்காட்டுக்குள் புள்ளி இங்குமங்கும் தாவுகிறதே, அதற்கும் சொல் கேட்டிருந்தார்கள். மர மூட்டத்தாலும் பாறையில் பட்டுத் திரும்பும் அலையாலும் வருவது அது. அண்ணன் அதைப் "புள்ளி அலையுது" என்கிறார். நான் "அலைவு" என்று எழுதிவிட்டேன். இயற்பியல் ஆசிரியர்கள் அவர்களுடைய அலைவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மிச்சம் இருப்பது ஒன்றுதான். யாரும் பேசாதபோது வருகிற கரகரப்பை அடக்கும் குமிழ். "ஸ்க்வெல்ச்" என்று தமிழில் எழுதினால் வாயில் நுழையவில்லை. "இரைச்சலடக்கி" என்றால் வண்டியின் சைலன்சர் நினைவுக்கு வருகிறது. அதிகமாகத் திருகினால் தூரத்துக் குரலையும் சேர்த்து விழுங்கிவிடும் குமிழ் அது, அந்த எச்சரிக்கையும் பெயரில் இருந்தால் நல்லது. வியாழக்கிழமை மாலை தாள் வத்தலக்குண்டு அச்சகத்துக்குப் போகிறது, அதற்குள் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். இல்லையென்றால் "கரகரப்புக் குமிழ்" என்றே அச்சாகும்.