நாகப்பட்டினத்து ஒல்லாந்தர் வழியினர் ஆங்கிலோ இந்தியரா? நியமன இடம் ஏன் நின்றது?

வெட்டாற்றங்கரை கேட்டது:

வணக்கம். நாகப்பட்டினத்தில் எங்கள் தெருவில் முன்பு குடியிருந்த ஒரு குடும்பத்தார் தங்கள் முன்னோர் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) என்பார்கள். ஊர்ப் பெரியவர்களோ ஐரோப்பியக் கலப்பு வழியினர் எல்லாரையும் குறிக்கும் 'சட்டைக்காரர்' என்ற ஒரே சொல்லில் அவர்களை முடித்துவிடுவார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் என் மகள், தமிழகச் சட்டமன்ற உறுப்பினர் எண்ணிக்கை பழைய கையேட்டில் 235 என்றும் புதியதில் 234 என்றும் இருப்பதைக் காட்டி, அந்த ஒருவர் எங்கே போனார் என்று கேட்டாள். ஆங்கிலோ இந்திய நியமன உறுப்பினர் என்பது வரை சொன்னேன். ஒல்லாந்தர் வழியினரும் அப்பெயருக்குள் வருவார்களா, அந்த உரிமை எப்படி வந்து எப்படிப் போயிற்று என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பொன்மலைவாசி எழுதியது:

வருவார்கள் ஐயா. ஆங்கிலோ இந்தியர் யார் என்று வரையறுக்கும் அரசமைப்புச் சட்டத்தின் 366(2) ஆம் கூறு 'ஐரோப்பியர்' என்றுதான் சொல்கிறதே தவிர ஆங்கிலேயர் என்று சொல்லவில்லை. ஆகவே 1658 முதல் 1781 வரை நாகையை வைத்திருந்த ஒல்லாந்தரின் வழியினரும், தரங்கம்பாடி டேனியரின் வழியினரும் சட்டத்தின் கண்ணில் ஆங்கிலோ இந்தியரே.

உரிமைக் கதை நீளமானது. 1791-இல் கிழக்கிந்தியக் கம்பெனி, ஐரோப்பியத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்தவர்களைத் தன் குடிமை, படைப் பணிகளிலிருந்து விலக்கியது. 1795-இல் படையில் மேளம், குழல் வாசிப்பது போன்ற வேலைகளை மட்டும் அவர்களுக்கு விட்டுவைத்தது. வெள்ளையருக்கும் வேண்டாதவர்கள், உள்ளூர்ச் சமூகங்களிலும் இடமில்லாதவர்கள் என்ற நிலையில்தான், ஜான் வில்லியம் ரிக்கெட்ஸ் என்பவர் கல்கத்தாவிலிருந்து ஒரு முறையீட்டை லண்டனுக்கு எடுத்துச் சென்றார். அது 1830-இல் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. 1833-ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் மதம், பிறந்த இடம், வம்சம், நிறம் ஆகியவற்றைக் காட்டி எவருக்கும் பணி மறுக்கக் கூடாது என்றது. ஏட்டில் அப்படி எழுதப்பட்டாலும், அவர்களுக்கு உண்மையில் திறந்த கதவுகள் ரயில்வே, தபால் தந்தி, சுங்கம் ஆகியவைதாம். 1928-இல் நாகையிலிருந்து ரயில்வே பணிமனை இங்கே திருச்சி பொன்மலைக்கு மாறியபோது அவர்களும் உடன் வந்ததை எங்கள் குடியிருப்பின் பழைய ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னைச் சட்டமன்றத்தில் அவர்களுக்கு 2 இடங்கள் இருந்தன. அவற்றுக்கான உறுப்பினர்களைத் தனி வாக்காளர் தொகுதி முறையில் அவர்கள் மட்டுமே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். அச்சமூகத் தலைவர்களான ஹென்றி கிட்னி வட்டமேசை மாநாட்டிலும், பிராங்க் அந்தோணி அரசியல் நிர்ணய சபையிலும் வாதாடிய பிறகு கிடைத்ததோ நியமனம். மக்களவையில் இருவர் வரை குடியரசுத் தலைவர் நியமிக்கலாம், சட்டமன்றத்தில் ஆளுநர் நியமிக்கலாம் என்றே 331, 333 ஆம் கூறுகள் சொல்லின. 'வேண்டும்' அல்ல, 'லாம்'. வாக்குச் சீட்டால் வந்த உரிமை ஆள்வோரின் கையெழுத்தால் வருவதாகச் சுருங்கியதைத்தான் நான் இழப்பின் தொடக்கமாகக் கருதுகிறேன்.

கல்லணை வாசகர் எழுதியது:

பொன்மலைவாசி பெரும்பாலும் சரியாகச் சொன்னார், ஆனால் அவர்களுக்கு இருந்த அரசு வேலை ஒதுக்கீட்டை விட்டுவிட்டார். 336 ஆம் கூறின்படி அது ஈராண்டுக்கு ஒருமுறை பத்து விழுக்காடு குறைந்துகொண்டே வந்து 1960-இல் அடியோடு நின்றது. நியமன இடங்கள் மட்டும் பத்தாண்டுக்கு ஒருமுறை நீட்டிக்கப்பட்டன. 2019-இல் வந்த 104 ஆம் திருத்தம் பட்டியல் சாதி, பழங்குடி இடங்களை நீட்டித்து, இவர்களுடையதை விட்டுவிட்டதால் 2020 ஜனவரி 25-உடன் அது முடிந்தது. 2011 கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் 296 பேர் மட்டுமே என்று அரசு நாடாளுமன்றத்தில் கூறியது. அச்சமூகத்தார் அதைக் கடுமையாக மறுத்தனர். திருச்சி வட்டாரத்தை மட்டும் அறிந்தவருக்கே அந்த எண் சிரிப்பை வரவழைக்கும்.

தஞ்சை ஆசிரியை எழுதியது:

ஒல்லாந்தர் வழி என்பது எந்தப் பக்கத்து வழி என்று கேட்டுப் பாருங்கள் ஐயா. 366(2) ஆம் கூறின் வரையறை தந்தைவழியை மட்டுமே ஏற்கிறது. ஆங்கிலோ இந்தியப் பெண் வெளியே மணந்தால் அவள் பிள்ளைகள் சேரமாட்டார்கள். ஆண் மணந்தால் சேர்வார்கள்.

வெட்டாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அம்மா, நீங்கள் கேட்டபின் நினைவுக்கு வந்தது: அந்த வீட்டில் ஒல்லாந்துக் கதையெல்லாம் சொன்னது பாட்டிதான், அவர் தன் தகப்பனார் வழியைச் சொன்னார், அவருடைய கணவரோ திருவாரூர்ப் பக்கத்துத் தமிழர். அப்படியானால் சட்டைக்காரர் என்று ஊர் அழைத்த அவர் பிள்ளைகளைச் சட்டம் ஒருநாளும் ஆங்கிலோ இந்தியராக எண்ணியிருக்காது.