தொடர்பியலில் பிஎச்.டி: யாருக்குத் தேவை?

அடையாறு ஆலமரம்: காலேஜ்ல பாடம் நடத்த பிஎச்.டி. கட்டாயம்னு இன்னமும் எம்.ஏ. இதழியல் பசங்களை பயமுறுத்திக்கிட்டிருக்காங்க. 2023 ஜூலை 1 முதல் உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட், செட் (தேசிய, மாநிலத் தகுதித் தேர்வுகள்) போதும்னு பல்கலைக்கழக மானியக் குழு, அதான் யூஜிசி, சொல்லிடுச்சு. அப்புறம் எதுக்கு ஆறு வருஷத்தை அடகு வைக்கணும்?

சேப்பாக்கம் சைக்கிள்: பாதிதான் சொல்றீங்க சார். உள்ளே நுழைய நெட் போதும், இணைப் பேராசிரியராக பிஎச்.டி. வேணும். ஆறு வருஷங்கறது உச்ச வரம்பு, குறைஞ்சது மூணு. நெட்ல நல்ல மதிப்பெண் எடுத்து ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை இருந்தா முதல் 2 வருஷம் மாசம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வாடகைப்படி தனி.

அடையாறு ஆலமரம்: ஜேஆர்எஃப் இல்லாதவங்க? 2024 ஜூன்லேர்ந்து நெட்ல பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தேறுறவங்களும் இருக்காங்க. நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 சதவீதம். அந்த மதிப்பெண்ணும் ஒரு வருஷம்தான் செல்லும். ஜேஆர்எஃப் நிதி கிடையாது. விளம்பர ஏஜென்சியில யாரும் பட்டத்தைக் கேட்கப் போறதில்லை.

சேப்பாக்கம் சைக்கிள்: பட்டத்தைக் கேட்க மாட்டாங்க, வேலை தெரியுமான்னு கேட்பாங்க. அந்த வேலையை பிஎச்.டி.லதான் கத்துக்கறோம். உதாரணத்துக்கு, ஒரு நாளிதழோட ஒரு வருஷச் செய்திகளை ஆராயணும்னு வச்சுக்குங்க. தொடர்ந்து ஏழு நாள் எடுத்தா, அது தேர்தல் வாரமா இருந்தா எல்லாமே தேர்தல் செய்திதான். அதனால மார்ச்சுல ஒரு திங்கள், ஆகஸ்ட்ல ஒரு செவ்வாய்னு குலுக்கி எடுத்து ரெண்டு வாரமாவது சேர்க்கணும். அதுல பத்து சதவீதச் செய்திகளை ரெண்டு பேர் தனித்தனியா 'அரசியல்', 'போக்குவரத்து'ன்னு பிரிவு பிரிவா வகைப்படுத்தணும். ரெண்டு பேரும் எவ்வளவு ஒத்துப்போறாங்கன்னு அளக்கற கிரிப்பென்டார்ஃப் ஆல்ஃபா (முழுசா ஒத்துப்போனா 1) 0.80 வந்தா நிம்மதி. குறைஞ்சா பெரும்பாலும் ஆள் மேல தப்பில்லை, பிரிவு மேலதான்: மெட்ரோ கட்டண உயர்வு 'அரசியலா', 'போக்குவரத்தா'? விதியைத் திருத்தி, வேற செய்திகளை வச்சு மறுபடி சோதிக்கணும். பலர் மொத்தத்தையும் வகைப்படுத்தின பிறகுதான் ஆல்ஃபா பார்க்கறாங்க. வருஷம் போறது அங்கேதான்.

தரமணி டைம்டேபிள்: கைடை, அதான் ஆய்வு நெறியாளரை, மறந்துட்டீங்களே ரெண்டு பேரும்! ஒரே நேரத்துல பேராசிரியர்கிட்ட அதிகபட்சம் 8 ஆய்வு மாணவர்கள், இணைப் பேராசிரியர்கிட்ட 6, உதவிப் பேராசிரியர்கிட்ட 4. ஓய்வுக்கு மூணு வருஷம்கூட இல்லாதவர் புதுசா ஆள் எடுக்க முடியாது. தலைப்பு யோசிக்கறதுக்கு முன்னாடி இடம் காலியான்னு கேளுங்க.

அடையாறு ஆலமரம்: ஆல்ஃபா சமாச்சாரம் சரிதான். அதை ஆறு மாச வகுப்புல கத்துக்கலாமே?

சேப்பாக்கம் சைக்கிள்: கணக்கு போடக் கத்துக்கலாம். 0.62 வந்தா எந்தப் பிரிவை உடைக்கணும், எதை எதோட சேர்க்கணும்னு எந்த வகுப்புல சார் சொல்லித் தர்றாங்க?